கமலவேணி டீச்சரின் ஆறு டிகிரி

சென்னியப்பன் வீட்டு உள்ளறையின் ஈசானி மூலையில் ஒரு டீச்சர் ஆறு வருடமாகக் குடியிருந்தார். மூலைமட்டம் வாங்கிய பிறகுதான் அது சென்னியப்பனுக்குத் தெரிந்தது.

மூலைமட்டம் வாங்கக் காரணம் அவருடைய மகள் மதிவதனி. ஓசூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எட்டாவது மாதம். பிரசவத்துக்காக வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை காலையில் ரயிலேற்றி விடுவார். கோயமுத்தூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் மதியத்துக்குள் செவ்வந்தி நகர் வீட்டுக்கு வந்துவிடலாம். பிள்ளைத் துணி, எண்ணெய், பவுடர் எல்லாம் வைக்க உள்ளறையில் ஒரு அலமாரி இருந்தால் நன்றாக இருக்கும் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. பம்புசெட் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக மோட்டாருக்கு மரப்பெட்டி அடிக்கிறவர் அவர். பலகையை அளந்து வெட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். இவர் ஆணி மட்டும் அடிப்பார். ஆகவே வீட்டில் சுத்தியல் மூன்று இருந்தது, மூலைமட்டம் இல்லை.

புதன்கிழமை காலை இரும்புக் கடைக்குப் போனார்.

"எதுக்குங்க மட்டம்?" என்றார் கடைக்காரர்.

"அலமாரிக்கு."

"அலமாரிக்கா, ஊட்டுக்கா?"

"அலமாரிக்குத்தானுங்க."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. கைய மடக்குங்க."

சென்னியப்பன் முழங்கையை மடக்கினார். கடைக்காரர் மூலைமட்டத்தை அதில் பொருத்திக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இடுக்கில் வெளிச்சம் தெரியவில்லை. "உங்களுக்குக் குடுக்கலாம்" என்றார்.

பிறகு ஒரு பலகையை எடுத்து அதன் விளிம்பில் மட்டத்தின் கட்டையை அணைத்து, தகட்டை ஒட்டி ஒரு கோடு இழுத்தார். மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மூன்றாவதாக ஒரு கோடு தானாக விழுந்தது. அதைக் கடைக்காரர் உள்ளங்கையால் துடைத்துவிட்டார்.

"ரெண்டு கோடு ஒண்ணாயிருந்தா மட்டம் சரின்னு அர்த்தம். மூணாவதைக் கண்டுக்காதீங்க."

நோட்டில் பெயர், விலாசம், வீட்டில் மூலை எத்தனை என்றெல்லாம் எழுதிக்கொண்டு அனுப்பினார்.

அன்றைக்குப் பகல் முழுக்க சென்னியப்பன் மிகவும் சந்தோஷமாக இருந்தார். வாசலில் பலகைகளைப் பரப்பி, மட்டத்தை வைத்துக் கோடிட்டு, கோட்டின்மேலேயே ரம்பத்தை ஓட்டினார். ஒவ்வொரு பலகையின் முனையையும் மட்டத்தில் வைத்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இடுக்கில் ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தாலும் இழைப்புளியை எடுத்துச் சீவினார். சட்டம் கூட்டியதும் மூலைக்கு மூலை குறுக்கே அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஆணி அடிப்பது மட்டுமே வேலை என்று இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டார். அதில்கூட வருத்தம் இல்லை.

மாலை நான்கு மணிக்கு அலமாரியைத் தூக்கிக்கொண்டு போய் ஈசானி மூலையில் வைத்தார். அது உட்காரவில்லை. ஒரு பக்கம் சுவரோடு ஒட்டினால் மறுபக்கம் விலகிக்கொண்டது.

அலமாரியை நகர்த்திவிட்டு மூலையிலேயே மட்டத்தை வைத்தார். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஆப்பு போல ஒரு சந்து தெரிந்தது. சந்துக்குள் வெளிச்சம் எரிந்தது. காப்பி வாசனை வந்தது.

"யாருங்க?" என்றார் சென்னியப்பன்.

"நான் கமலவேணி டீச்சர்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "சத்தம் போடாம வைப்பா. கொஞ்சம் கண்ணசந்தேன்."

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். நீளமான, ஒரு பக்கம் கூராகிப் போகிற அறை. உள்ளே ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் மாதக் காலண்டர். வெள்ளைத் தலையும் கண்ணாடியுமாக ஒரு அம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் அறை குறுகிப் போனதால் கட்டிலும் அந்தப் பக்கம் குறுகியிருந்தது.

"எத்தனை நாளா இருக்கீங்க டீச்சர்?"

"ஆறு வருசம். ரிட்டயர் ஆன மறுநாள் வந்தேன். ஆறு டிகிரி. ஒண்டி ஆளுக்குப் போதும்."

"இடைஞ்சலா இல்லீங்களா?"

"கணக்கு டீச்சரா இருந்தவ நான். சின்னக் கோணத்துல பழக்கம் உண்டு."

சென்னியப்பனின் மனைவி பூங்கொடி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவளும் இந்த டீச்சரை இதுவரை பார்த்ததில்லை. ஆனால் யாரோ பஞ்சாங்கம் படிக்கிற சத்தம் காலையில் கேட்கும் என்றும், பக்கத்து வீட்டு டி.வி. என்று நினைத்திருந்ததாகவும் சொன்னாள். பிறகு ஒரு கிண்ணத்தில் கொள்ளு ரசம் கொண்டுவந்து சந்து வழியாக நீட்டினாள். டீச்சர் வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோணங்கள் துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். திருமலைசாமி என்று பெயர். ஒல்லியான ஆள். வாசற்படியில் நின்றபடியே, "மட்டம் வாங்கியிருக்கீங்க" என்றார்.

"அலமாரிக்குங்க."

"சரி. ஊட்டக் காட்டுங்க."

அவர் பெட்டியிலிருந்து பித்தளை மட்டம் ஒன்றை எடுத்து உள்ளறையின் ஈசானி மூலையில் வைத்தார். டீச்சரின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. டீச்சர் வணக்கம் சொன்னார். அவரும் வணக்கம் சொல்லிவிட்டு நோட்டில் எழுதினார்: தொண்ணூற்றாறு பாகை.

"ஒரு ரூமுக்கு நாலு மூலையும் சேர்ந்து முந்நூத்தி அறுபதுதான் ஒதுக்கீடு" என்றார். "இங்க ஆறு கூடியிருக்குதுன்னா வேற மூலையில ஆறு கொறைஞ்சிருக்கோணும்."

இரண்டு மூலைகளைப் பார்த்தார். சரியாக இருந்தன. நான்காவது மூலையில் பூங்கொடியின் தையல் மிஷின் இருந்தது. பத்தொன்பது வருடமாக அங்கேதான் இருக்கிறது. அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைப்பாள். ஆய்வாளர் மிஷினுக்குப் பின்னால் கையை விட்டு மட்டத்தை வைத்தார். அது போகவில்லை. தகடு சுவரில் முட்டியது.

"எம்பத்தி நாலு. இங்க உக்காந்து வேலை செய்யறது யாரு?"

"நானுங்க" என்றாள் பூங்கொடி.

"இடிக்குமே."

பூங்கொடி புடவைத் தலைப்பால் வலது முழங்கையை மூடிக்கொண்டாள். சென்னியப்பன் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முழங்கை மூட்டில் தோல் கறுத்துக் காய்ப்பு ஏறியிருந்தது. சுவரிலும் அந்த உயரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. முழங்கை அளவுக்கு வழவழப்பாக.

"ஆறு வருசமா இடிக்குதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"சொல்லவே இல்லியே."

"நாந்தான் பெருத்துட்டனாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்" என்றாள் பூங்கொடி. "அதுக்காக ராத்திரிச் சோத்தக்கூடக் கொறைச்சேன். அப்பவும் இடிச்சுது."

அவள் ராத்திரியில் சோறு குறைத்தது சென்னியப்பனுக்குத் தெரியும். பசிக்கவில்லை என்று சொல்லியிருந்தாள். அவர் அதை நம்பியிருந்தார்.

ஆய்வாளர் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். நாளை பகல் பன்னிரண்டு மணிக்குள் நான்கு மூலையும் தொண்ணூறு பாகைக்கு வந்தாக வேண்டும். தவறினால் விலாசம் பறிக்கப்படும். விலாசம் இல்லாமல் முப்பத்தெட்டு வீடுகள் வரிசையில் காத்திருக்கின்றன. முதலில் இருக்கிற வீட்டுக்கு இது ஒதுக்கப்படும். அதன்பிறகு இந்த விலாசத்துக்கு வருகிற கடிதம், சிலிண்டர், மகள் ஆகியவை அந்த வீட்டையே சேரும்.

"நாளைக்கு மத்தியானம் என்ற புள்ள வருதுங்க" என்றார் சென்னியப்பன்.

"விலாசத்துக்குத்தானே வருது?"

"ஆமாங்க."

"அப்பச் சரியாப் போய்ச் சேர்ந்துரும். கவலப்படாதீங்க." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். "நீங்க நாளைக்கு ஊட்டுலயே இருக்கோணும். டேசனுக்கெல்லாம் போயிறாதீங்க."

"டீச்சர் என்ன பண்ணுவாங்க?"

"மூலை நேராகும்போது அவங்களும் நேராயிருவாங்க."

"நேரான்னா?"

"கோடா."

மதியம் சென்னியப்பன் மனு கொடுக்கத் துறை அலுவலகத்துக்குப் போனார். நடைபாதையின் கடைசியில் ஜன்னல் தெரிந்தது. நடக்க நடக்க நடைபாதை நீண்டது. வழியில் பெஞ்சு போட்டு மக்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவருக்கு இரண்டு இட்லி கொடுத்தார். இட்லி தீர்ந்ததும் ஜன்னல் வந்துவிட்டது.

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். "நிமிந்து நிக்கிறதுக்குச் சான்று இருக்குதுங்களா?" என்றாள்.

"நின்னுட்டுத்தானுங்க இருக்கறேன்."

"அது இன்னிக்கு. போன மாசத்துக்குக் கேக்கறேன்."

போன மாதச் சான்று அவரிடம் இல்லை. ஆகவே மனுவை வாங்கவில்லை. அவர் திரும்பியபோது நடைபாதை நான்கே அடியாக இருந்தது.

மாலையில் பூங்கொடி சந்துக்கு முன்னால் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முழங்கை விஷயத்தைச் சொல்லாமல் விடத்தான் பார்த்தாள். சென்னியப்பன் சொல்லிவிட்டார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் ஆறு டிகிரியா அது?"

"எனக்கும் தெரியாதுங்க டீச்சர்."

"கோணங்கள் ஆபீஸ்ல காலி டிகிரின்னு சொல்லித்தான் எழுதிக் குடுத்தாங்க." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நான் கோடா ஆயிடறேன்மா" என்றார். "எத்தனையோ கோடு போட்டிருக்கேன். அதுல ஒண்ணும் கஷ்டம் இருக்கிற மாதிரி தெரியல. அகலம் இருக்காது, அவ்வளவுதான்."

"காப்பி எப்பிடிக் குடிப்பீங்க?"

டீச்சர் அதை யோசித்திருக்கவில்லை.

"அதெல்லாம் ஆகாதுங்க" என்றாள் பூங்கொடி. "ஒரு ஆள நெட்டுக்கோடாக்கிப் போட்டு அதுமேல புள்ளைக்குத் தொட்டில் கட்ட முடியாது."

"பின்ன மதிவதனிய இன்னொரு ஊட்டுக்கு அனுப்பிச்சிரலாமா?" என்றார் சென்னியப்பன். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பூங்கொடி வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தாள். முன்கதவு எப்போதும் போலச் சுவரில் இருந்த கொக்கியில் மாட்டித் திறந்து நின்றது. கையில் வாளியுடன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, இந்தக் கதவு எத்தன டிகிரி?"

சென்னியப்பன் மட்டத்தை எடுத்து வந்து நிலைக்கும் கதவுக்கும் நடுவே வைத்தார். "தொண்ணூறு."

"அதுக்கு மேல தொறக்குமா?"

"கொக்கி இருக்குது. கொக்கியக் கழட்டினா தொறக்கும்."

"இது மூலைக் கணக்குல வருமா?"

சென்னியப்பன் அந்தத் தாளை எடுத்து இரண்டு பக்கமும் படித்தார். கதவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அதன்பிறகு அவர் ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. கொக்கியின் திருகாணிகளைக் கழற்றினார். டீச்சரிடம் கேட்டுக் கேட்டு ஒரு அட்டையில் ஆறு டிகிரிக்கு ஆப்பு வரைந்து வெட்டினார். மட்டத்தின் தகட்டோடு அட்டையைச் சேர்த்துப் பிடித்துக் கதவை அதுவரை தள்ளினார். கீல் முனகியது. கதவு தொண்ணூற்றாறில் நின்றது. ஐந்து விரற்கடை தள்ளிச் சுவரில் புதிய துளை போட்டுக் கொக்கியை முடுக்கினார். கூடுதலாகத் திறந்த ஆறு டிகிரிக்குள் எட்டிப் பார்த்தார். நீளமான, ஒரு பக்கம் கூராகிப் போகிற அறை. இடம் புதுசு என்பதால் பெயிண்ட் வாசனை அடித்தது. மற்றபடி வசதியாகத்தான் இருந்தது.

"பழைய எடத்தவிட ஒரு சாண் நீளம் ஜாஸ்தி" என்றார் டீச்சர், வந்து பார்த்துவிட்டு. "காத்தும் வருது. ஆனா ஒண்ணு. கதவைச் சாத்தினா நான் என்ன ஆவேன்?"

"சாத்தமாட்டோமுங்க" என்றாள் பூங்கொடி.

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

"மழை அடிச்சா?"

"மெழுகித் தொடச்சுக்கறோம்."

டீச்சர் அவளைக் கண்ணாடி வழியாகவும் கண்ணாடிக்கு மேலாகவும் பார்த்தார். "சரி, கட்டிலைப் பிடி" என்றார்.

கட்டில், ஸ்டவ், காலண்டர் மூன்றும் பதினொன்றரைக்குள் கதவுக்குப் பின்னால் போய்விட்டன. டீச்சர் கடைசியாகத் தலையணையுடன் வெளியே வந்ததும் ஈசானி மூலை, நன்றாக இழைத்த இழுப்பறை உள்ளே போவது மாதிரி மெதுவாக மூடிக்கொண்டது. அதே நேரத்தில் தையல் மிஷினுக்குப் பின்னால் சுவர் விலகியது. மிஷினின் சக்கரம் தானாக ஒரு தடவை சுற்றி நின்றது.

ஆய்வாளர் திருமலைசாமி பன்னிரண்டு பத்துக்கு வந்தார். பஸ் லேட் என்றார்.

"பன்னெண்டுக்கே விலாசம் மாறிருச்சுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"அது தானா மாறும். நான் பாத்துட்டுச் சரின்னு சொன்னாத் திரும்பி வரும்." நான்கு மூலையிலும் பித்தளை மட்டத்தை வைத்துப் பார்த்தார். நான்கிலும் வெளிச்சம் தெரியவில்லை. நோட்டில் எழுதினார். வெளியே போகிறபோது கதவருகே நின்றார். கதவுக்குப் பின்னால் டீச்சர் ஸ்டவ்வில் பால் வைத்திருந்தார்.

ஆய்வாளர் அதை நன்றாகப் பார்த்தார். சென்னியப்பன் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கதவு எங்க துறையில வராது" என்றார் ஆய்வாளர். "அதுக்குத் துறையே இன்னும் ஆரம்பிக்கல." தாளில் முத்திரை குத்திக் கொடுத்தார். பூங்கொடி கொடுத்த மோரைக் குடித்தார். "பத்து நிமிசம் உங்க விலாசம் வேற எடத்துல இருந்துச்சு. அதுக்குள்ள யாரும் வந்திருக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டரை ஆனது. ஒரு மணி ஆனது. மதிவதனி வரவில்லை. போன் அடித்தால், தாங்கள் அழைக்கும் மகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று ஒரு பெண்குரல் சொன்னது. சென்னியப்பன் தெருமுனைக்கும் வீட்டுக்குமாக ஆறு தடவை நடந்தார். ஏழாவது தடவை நடக்கத் தெம்பில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் அழுகிற ஆள் இல்லை. உள்ளறையில் பூங்கொடி மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பிள்ளைச் சட்டையின் விளிம்பைத் தைத்தாள். முழங்கை எதிலும் இடிக்கவில்லை. அது அவளுக்கு அழுகையாக வந்தது. தைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. டீச்சர் கதவுக்குப் பின்னாலிருந்து, "வந்துருவா" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னார்.

இரண்டே காலுக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. மதிவதனி ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி இறங்கினாள். வீட்டு நம்பரைப் பார்த்தாள். திறந்திருந்த கதவைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"வா கண்ணு" என்றார் சென்னியப்பன். பையை வாங்கி ஓரமாக வைத்தார்.

"அலுப்பாருக்குதுங்கப்பா" என்றாள். "மொதல்ல இன்னொரு ஊட்டுக்குப் போயிட்டேன். இதே விலாசந்தான்."

பூங்கொடி ஓடிவந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். "அங்க யாரு இருந்தாங்க?"

"அங்கயும் ஒரு அப்பா, ஒரு அம்மா. வா கண்ணுன்னாங்க. எல போட்டாங்க. சாப்ட்டேன். நல்ல மனுசங்கதான். அலமாரிகூட அடிச்சு வெச்சிருந்தாங்க."

"அப்பறம் எப்பிடித் தெரிஞ்சுது, அது நம்முடுது இல்லைன்னு?"

"தெரியலீங்கம்மா. ஆட்டோக்காரருதான் வந்து கதவத் தட்டி விலாசம் மாறிருச்சுன்னாரு. கை கழுவிட்டு ஏறிட்டேன். இங்க வந்தும் ஒண்ணும் தெரியல. கதவு தொறந்திருந்துச்சு, வந்துட்டேன்."

சென்னியப்பன் மகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். நெற்றியில் அதே தழும்பு இருந்தது. எந்த நெற்றியிலும் தழும்பு இருக்கலாம்தான். அவருக்கு அதைப் பற்றி மேலே யோசிக்க விருப்பமில்லை. பையை எடுத்துக்கொண்டு போய் அவள் துணிகளை அலமாரியில் அடுக்கினார். அலமாரி மூலையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"அது யாருங்க, கதவுக்குப் பின்னால?" என்று கேட்டாள் மதிவதனி.

"கமலவேணி டீச்சர்."

"வணக்கமுங்க டீச்சர்."

"வணக்கம். பிள்ளைக்குக் கணக்கு நான் சொல்லித் தரேன்" என்றார் டீச்சர்.

பூங்கொடி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து செய்த அரிசிம்பருப்புச் சோறு, கத்தரிக்காய்க் கடைசல், தட்டப்பயிறுப் பொரியல் எல்லாம் மூடி வைத்தபடி இருந்தன. மகள் வேறொரு அம்மாவின் கையால் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"கொஞ்சூண்டு போடுங்கம்மா" என்றாள் மதிவதனி.

பூங்கொடி போட்டாள். மதிவதனி கீழே உட்கார முடியாமல் நாற்காலியிலேயே தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். கடைசலைத் தனியாக வழித்து நக்கினாள். கையைக் கழுவிவிட்டு வந்து அம்மாவின் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "அங்க சோறு கொஞ்சம் கொழஞ்சு போயிருந்துச்சுங்க" என்றாள்.

பூங்கொடிக்கு அது போதுமாக இருந்தது.